கேக்ரெப் இல்லாத படிப்பில் சேரலாமா? அமெரிக்காவில் கவுன்சலர் லைசென்ஸ் பற்றி ஓர் இழை

பிப்ரவரி 9, 2025 (வாசகி ஒருவரின் கேள்வி)

இந்தியாவில் எம்.எஸ்ஸி. உளவியல் முடித்தேன். இப்போது டெக்சாஸில் இருக்கிறேன், கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசா, கையில் ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி இருக்கிறது. மனநல கவுன்சலர் ஆக வேண்டும் என்று மாஸ்டர்ஸ் சேரப் போகிறேன். பக்கத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் கட்டணம் குறைவு, ஆனால் கவுன்சலிங் படிப்புகளுக்கான கேக்ரெப் அங்கீகாரம் இல்லை. அட்மிஷன் அலுவலகத்தில் கேட்டால், "எங்கள் பல்கலைக்கழகம் முழு அங்கீகாரம் பெற்றதுதான், லைசென்ஸுக்குப் பிரச்சினை வராது" என்கிறார்கள். கணவருக்கு ஓஹையோவுக்கோ வட கரோலைனாவுக்கோ மாற்றல் வரலாம். அங்கீகாரம் இருக்கிறது என்று அவர்களே சொன்ன பிறகு வேறென்ன பார்க்க வேண்டும், அக்கா?

பிப்ரவரி 10, 2025

பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது தங்கை. கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்ன மாற்றல்தான் உங்கள் கேள்வியிலேயே பெரிய விஷயம். பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

அட்மிஷன் அலுவலகம் சொன்னது பொய்யில்லை. ஆனால் நீங்கள் கேட்டது ஒன்று, அவர்கள் பதில் சொன்னது வேறொன்று. இங்கே அங்கீகாரம் இரண்டு மட்டத்தில் உண்டு. ஒன்று பல்கலைக்கழகம் முழுமைக்குமானது. அது இல்லாவிட்டால் கூட்டாட்சி அரசின் கல்விக் கடனே கிடைக்காது, அதனால் ஓரளவு உருப்படியான எல்லா இடங்களிலும் அது இருக்கும். இன்னொன்று குறிப்பிட்ட ஒரு படிப்புக்கானது. கவுன்சலிங் படிப்புகளுக்கு இதைத் தரும் முதன்மையான அமைப்புதான் கேக்ரெப். 1981ல் தொடங்கியது, வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவிலிருந்து இயங்குகிறது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் வகை இருந்து, அதன் கவுன்சலிங் துறைக்கு இரண்டாவது இல்லாமல் இருப்பது மிகச் சாதாரணம்.

லைசென்ஸைக் கேக்ரெப் கொடுப்பதில்லை, பல்கலைக்கழகமும் கொடுப்பதில்லை. மாநில போர்டுதான் கொடுக்கிறது. எந்தப் படிப்பை ஏற்பது என்பது அந்தந்த மாநிலத்தின் சட்டத்திலும் விதியிலும் இருக்கும். ஆக, "லைசென்ஸுக்குப் பிரச்சினை வராது" என்று யார் சொன்னாலும் அடுத்த நொடி நீங்கள் கேட்க வேண்டியது: எந்த மாநிலத்தில்? எந்த ஆண்டின் விதிப்படி?

பிப்ரவரி 10, இரவு

இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். "எங்களிடம் கேக்ரெப் இருக்கிறது" என்று ஒரு துறை சொன்னாலும் எந்தப் பிரிவுக்கு என்று பாருங்கள். ஒரே துறையில் ஸ்கூல் கவுன்சலிங்குக்கு இருக்கும், கிளினிக்கல் மெண்டல் ஹெல்த் கவுன்சலிங்குக்கு இருக்காது. கேக்ரெப் இணையதளத்தில் பிரிவு வாரியாகத் தேடலாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பதும் அதில் உண்டு. பொதுவாக 8 ஆண்டுகளுக்குக் கொடுப்பார்கள். சரிசெய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் 2 ஆண்டுகளுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி வந்து பார்ப்பார்கள்.

பிப்ரவரி 13, 2025

மாநிலங்களைப் பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள். ஐம்பதையும் எழுத முடியாது, உங்களுக்குத் தேவையானவற்றை மட்டும் சொல்கிறேன்.

டெக்சாஸில் கேக்ரெப் கட்டாயம் இல்லை. 60 செமஸ்டர் கிரெடிட் கொண்ட மாஸ்டர்ஸ், அப்புறம் எல்.பி.சி. அசோசியேட் என்ற, முழு லைசென்ஸுக்கு முந்தைய நிலையில் 3,000 மணி நேரம், அதில் 1,500 நேரடியாக ஆட்களுடன். கலிஃபோர்னியாவிலும் கட்டாயம் இல்லை. அங்கேயும் 3,000 மணி நேரம்தான், ஆனால் 1,750 நேரடியாக இருக்க வேண்டும், அந்த மாநிலத்துக்கென்று தனியாகச் சட்டமும் தொழில்நெறியும் பற்றிய ஒரு தேர்வும் உண்டு. நீங்கள் டெக்சாஸை விட்டு நகரவே மாட்டீர்கள் என்றால் அந்த அட்மிஷன் அலுவலகத்தின் பதில் பெரும்பாலும் சரி.

ஓஹையோ கதை வேறு. 2018 ஜனவரி 1 முதல், புதிதாகப் படித்து முடித்து விண்ணப்பிப்பவர்களுக்குக் கேக்ரெப் அங்கீகாரம் பெற்ற கிளினிக்கல் படிப்பு வேண்டும். வட கரோலைனா 2022 ஜூலை 1 முதல் அதே வழியில் வந்துவிட்டது. ஃப்ளோரிடாவில் 2025 ஜூலை 1 முதல் கேக்ரெப், அல்லது எம்.பி.கேக் என்ற இன்னொரு அமைப்பு, அல்லது அவற்றுக்கு நிகரானது என்று மாறுகிறது. ஆக, உங்கள் கணவருக்கு மாற்றல் வரக்கூடும் என்று சொன்ன இரண்டு மாநிலங்களும், மொத்த நாட்டிலேயே இந்த விஷயத்தில் கறாராக இருக்கும் இடங்கள்.

வேறு மாநிலத்தில் ஏற்கெனவே முழு லைசென்ஸ் வாங்கி வேலை பார்த்தவர் குடிபெயர்ந்தால் அதற்குத் தனி வழிகள் இருக்கின்றன, அவை படிப்பை முடித்த கையோடு வருபவருக்கு உதவாது. உங்கள் நிலைமையில் ஆபத்து இருப்பது நடுவில்: படிப்பு முடிந்திருக்கும், மணி நேரங்கள் முடிந்திருக்காது, வீடு மாறிவிடும். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இதுதான் நடந்தது. நல்ல மாணவி, எல்லாப் பாடத்திலும் ஏ கிரேடு. அவர் படித்த இடம் அவரைக் கடைசி செமஸ்டர் வரை ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. குடிபெயர்ந்த மாநிலத்தில் கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். இருபத்தைந்து வயதுக்காரரிடம் இரண்டு மூன்று ஆண்டுக் கட்டணத்தை வாங்குகிற இடத்துக்கு, இதைச் சொல்லும் கடமை இருக்கிறது.

சட்டமும் இப்போது அதைத்தான் சொல்கிறது. லைசென்ஸுக்கு இட்டுச் செல்லும் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகங்கள், எந்தெந்த மாநிலத்தின் கல்வித் தகுதியைத் தங்கள் படிப்பு நிறைவு செய்கிறது என்பதை வெளியிட வேண்டும் என்பது 2020 ஜூலை முதல் கூட்டாட்சி விதி. அந்தப் பக்கம் எல்லா இணையதளத்திலும் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். ஓஹையோவும் வட கரோலைனாவும் எந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். அட்மிஷன் அலுவலகத்தில் வாயால் சொன்னதைவிட அதில் எழுத்தில் இருப்பதையே நம்புவேன்.

பிப்ரவரி 21, 2025

"கேக்ரெப் என்பது ஏகபோகம். காசு கட்டி வாங்கும் முத்திரை. அது இல்லாத படிப்பிலிருந்து வந்த அருமையான கவுன்சலர்கள் எத்தனையோ பேர்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கவுன்சலர்களுக்கு முதலில் லைசென்ஸ் சட்டம் போட்டது வர்ஜீனியா, 1976ல். கடைசி மாநிலம் கலிஃபோர்னியா, 2009ல். இடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் தன் பாட்டுக்குப் பெயர் வைத்தது, மணி நேரம் வைத்தது, பாடப் பட்டியல் வைத்தது. எல்.பி.சி., எல்.எம்.எச்.சி., எல்.பி.சி.சி., எல்.சி.எம்.எச்.சி. என்று லைசென்ஸ் பெயர்களில் நாம் பார்க்கும் குழப்பம் எல்லாம் அப்படி வந்ததுதான். ஒரு மாநிலத்தில் 48 கிரெடிட் போதும், பக்கத்து மாநிலத்தில் 60 வேண்டும். இந்த நிலையில் ராணுவத்தினரின் காப்பீடான டிரைகேரும், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளும் "யாரை நம்பி வேலைக்கு எடுப்பது?" என்று கேட்டபோது காட்டுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. 2006ல் வந்த சட்டம் அந்த மருத்துவமனைகளில் கவுன்சலர்களுக்கு இடம் கொடுத்தது. 2010ல் வந்த பணித் தகுதி விதிகள் கேக்ரெப் படிப்பைக் கேட்டன. டிரைகேரும் அதே திசையில் போனது, ஆனால் அங்கே பழைய வழியை மூடும் கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

இதெல்லாம் புரிகிறது. சிக்கல் வந்தது கேக்ரெப்பின் 2009 விதிகளால். 2013 ஜூலைக்குப் பிறகு புதிதாகச் சேரும் முதன்மைப் பேராசிரியர்கள் "கவுன்சலர் எஜுகேஷன்" பிரிவில் முனைவர் பட்டம் பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்றது அது. ஏற்கெனவே கற்பித்து வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அதுவரை இந்தத் துறையில் பலருக்குப் பாடம் எடுத்தது கவுன்சலிங் சைக்காலஜியில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். ஒரே நாளில் அவர்களுடைய மாணவர்களுக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டது. உளவியல் துறைக்குள் இருக்கும் மாஸ்டர்ஸ் படிப்புகள் பல, தரத்தில் எந்தக் குறையும் இல்லாமலேயே, ஆசிரியர்களின் பட்டத்தின் பெயரால் வெளியே நிற்கின்றன. எம்.பி.கேக் வந்தது இந்த மாதிரிப் படிப்புகளுக்காகத்தான். ஃப்ளோரிடா இரண்டையும் ஏற்பது எனக்குச் சரியாகப் படுகிறது. ஓஹையோ ஒன்றை மட்டும் ஏற்பது சரியாகப் படவில்லை.

அதற்காக, அங்கீகாரமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காசு கட்டினால் கிடைக்கும் முத்திரையும் இல்லை அது. ஒரு துறை தன்னைப் பற்றியே தடிமனான அறிக்கை எழுதி, வெளியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, மாணவர்களைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டு, அப்புறம்தான் கொடுக்கிறார்கள். நான் படித்தபோது அப்படி வந்தவர்களோடு பேசியிருக்கிறேன். "உங்கள் இன்டர்ன்ஷிப் இடத்தை யார் தேடிக் கொடுத்தார்கள்? மேற்பார்வை வாரத்துக்கு எவ்வளவு நேரம் நடக்கிறது? உண்மையாகவே நடக்கிறதா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விகளை அதற்கு முன்னால் எங்களிடம் யாரும் கேட்டதில்லை. அதற்கடுத்த செமஸ்டரிலேயே சில விஷயங்கள் மாறின.

பிப்ரவரி 22, 2025

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. ஏகபோகமா இல்லையா என்ற வாதத்திலேயே நின்றுவிட்டேன், அந்த அங்கீகாரத்துக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை.

60 செமஸ்டர் கிரெடிட். எட்டு அடிப்படைப் பகுதிகள்: தொழில்நெறி, பண்பாட்டுப் பன்மை, மனித வளர்ச்சி, வேலை சார்ந்த வழிகாட்டல், உதவும் உறவும் அதன் நுட்பங்களும், குழு கவுன்சலிங், மதிப்பீடும் சோதனைகளும், ஆராய்ச்சி. இவற்றைக் கேக்ரெப் இல்லாத நல்ல படிப்புகளும் சொல்லித் தருகின்றன. வித்தியாசம் தெரிவது களப்பயிற்சியில். பிராக்டிகம் 100 மணி நேரம், அதில் குறைந்தது 40 நேரடியாக ஆட்களோடு. இன்டர்ன்ஷிப் 600, அதில் 240 நேரடியாக. அந்தக் காலம் முழுக்க வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் தனி மேற்பார்வை, ஒன்றரை மணி நேரம் குழு மேற்பார்வை.

தனி மேற்பார்வை என்ற அந்த ஒரு மணி நேரம்தான் என்னைக் கவுன்சலர் ஆக்கியது என்று நம்புகிறேன். தற்கொலை எண்ணத்தோடு வந்த ஒருவரிடம் நான் கேட்க வேண்டிய கேள்வியைச் சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். சூப்பர்வைசர் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, "எந்த இடத்தில் உனக்குப் பயம் வந்தது?" என்று மட்டும் கேட்டார். பாடப் புத்தகத்தில் இடர் மதிப்பீடு பற்றி ஓர் அத்தியாயமே இருந்தது, அதை நான் நன்றாகவே படித்திருந்தேன். பயத்தோடு உட்கார்ந்து நேராகக் கேட்கக் கற்றுக்கொண்டது அந்த அறையில்.

ஆகவே ஒரு படிப்பை எடைபோடும்போது இதைக் கேளுங்கள்: களப்பயிற்சி இடத்தை யார் ஏற்பாடு செய்வார்கள், நானேவா? பதிவு செய்யப்பட்ட அமர்வுகளை யாராவது கேட்டுக் கருத்துச் சொல்வார்களா? ஒரு மேற்பார்வைக் குழுவில் எத்தனை பேர்? முழுக்க இணையவழியில் நடக்கும் படிப்புகளில் முதல் கேள்விக்கு வரும் பதில்தான் பலருடைய ஓராண்டை விழுங்கியிருக்கிறது. அங்கீகாரம் இருக்கும் இணையவழிப் படிப்புகளிலும் இது நடக்கிறது.

மார்ச் 8, 2025

"இந்தியாவில் ஏற்கெனவே எம்.எஸ்ஸி. இருக்கிறதே, மறுபடி முதலிலிருந்தா?" இது பலரும் கேட்பது.

வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிட்டுக் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, டபிள்யூ.ஈ.எஸ். போல. அவர்கள் உங்கள் எம்.எஸ்ஸி.யை இங்குள்ள மாஸ்டர்ஸுக்குச் சமம் என்றே எழுதிக் கொடுக்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு பலர் லைசென்ஸும் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். போர்டு பார்ப்பது வேறு கணக்கு: எத்தனை கிரெடிட், ஒவ்வொரு பகுதிக்கும் பாடம் உண்டா, மேற்பார்வையோடு கூடிய களப்பயிற்சி எத்தனை மணி நேரம், அதற்குக் கையெழுத்துப் போட்டது யார். நம் ஊர் எம்.எஸ்ஸி. பெரும்பாலும் அடிபடுவது இந்தக் கடைசி இரண்டில். குழு கவுன்சலிங், வேலை வழிகாட்டல் என்று தனிப் பாடங்களும் பல இடங்களில் இருக்காது. கேக்ரெப் கட்டாயம் என்ற மாநிலங்களில் பேச்சே இல்லை.

இந்தியாவில் கவுன்சலராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் எனக்கு எழுதினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், எத்தனையோ குடும்பங்களைக் கரை சேர்த்தவர். இங்கே வந்து இருபத்து மூன்று வயதுக்காரர்களோடு முதல் செமஸ்டரில் உட்கார வேண்டியிருந்தது. அவருக்கு முன்னனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் நியாயமான வழி ஒன்று இருந்திருக்க வேண்டும். கவுன்சலிங் துறை இதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறது.

சில துறைகள் முன்பு படித்த மாஸ்டர்ஸ் பாடங்களில் சிலவற்றை ஏற்றுக்கொள்ளும். சேருவதற்கு முன் கேளுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் முடியாது என்பார்கள்.

மார்ச் 9, 2025

எஃப்-1 மாணவர் விசாவில் வர நினைப்பவர்களுக்குத் தனியாக. இது ஏன் யாராலும் முன்கூட்டியே சொல்லப்படுவதில்லை என்று தெரியவில்லை.

மெண்டல் ஹெல்த் கவுன்சலிங், அறிவியல் தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் பட்டியலில் இல்லை. அதனால் படிப்புக்குப் பின் வேலை பார்க்கத் தரும் ஓ.பி.டி. அனுமதி 12 மாதம்தான், நீட்டிப்பு கிடையாது. லைசென்ஸுக்கான 3,000 மணி நேரமோ முழுநேரம் வேலை பார்த்தாலும் பெரும்பாலும் இரண்டு ஆண்டு எடுக்கும், பல மாநிலங்களில் இரண்டு ஆண்டுக்குக் குறையக் கூடாது என்றே விதி. மீதி ஓராண்டுக்கு எச்-1பி வேலை விசா கிடைத்தால்தான் உண்டு. கணினித் துறை நண்பர்களின் அனுபவத்தை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள். கடன் வாங்கி வருகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

எச்-4ல் ஈ.ஏ.டி. இல்லாதவர்கள்: படிக்கலாம், ஆனால் களப்பயிற்சி, அது சம்பளம் இல்லாததாக இருந்தாலும், எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடமும் குடியேற்ற வழக்கறிஞரிடமும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஏப்ரல் 2, 2025

ஒரு நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும், எல்லாமே தடையாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2024 ஜனவரி 1 முதல், முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கவுன்சலர்களான எங்களுக்கும் பணம் தருகிறது. 2022 டிசம்பர் கடைசியில் கையெழுத்தான சட்டம் அதற்கு வழி செய்தது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்குத் தரும் தொகையில் 75 சதவீதம். கவனியுங்கள், அந்தச் சட்டம் கேக்ரெப் கேட்கவில்லை. லைசென்ஸுக்குத் தகுதியான மாஸ்டர்ஸோ முனைவர் பட்டமோ, பட்டத்துக்குப் பின் இரண்டு ஆண்டு அல்லது 3,000 மணி நேரம் மேற்பார்வையில் வேலை, மாநில லைசென்ஸ். அவ்வளவுதான். நாட்டின் மிகப் பெரிய காப்பீடுகளில் ஒன்று இப்படி முடிவெடுத்திருக்கிறது.

இது எனக்கு ஏன் முக்கியம் என்றால், என்னிடம் வரும் வயதான தமிழர்கள். பிள்ளைகளோடு வந்து குடியேறி, குடியுரிமையும் வாங்கி, பகல் முழுக்கப் பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருப்பவர்கள். அதுவரை அவர்களில் பலரை நான் பார்க்க முடியாமல் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்தும், காப்பீட்டு விதியால் கிடைக்காமல் போவது என்ன கொடுமை.

ஏப்ரல் 3

75 சதவீதம் குறைவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், குறைவுதான், அதை யாரும் மறுக்கவில்லை. சோஷியல் வொர்க்கர்களுக்கும் அதே 75தான்.

ஏப்ரல் 19, 2025

சோஷியல் வொர்க் பேச்சு வந்ததால்: "அப்படியானால் எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிடலாமா?" என்று, அதாவது சோஷியல் வொர்க்கில் மாஸ்டர்ஸ் எடுக்கலாமா என்று, மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். கேட்பது தப்பே இல்லை. அந்தத் துறையில் இந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. சி.எஸ்.டபிள்யூ.ஈ. என்ற ஒரே அமைப்பின் அங்கீகாரத்தைத்தான் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் கேட்கின்றன, அங்கீகாரம் இல்லாத எம்.எஸ்.டபிள்யூ. படிப்பைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். களப்பயிற்சியும் 900 மணி நேரம். மருத்துவமனை வேலைகளில் அவர்களுக்கு இடம் அதிகம்.

ஆனால் பாடத்திட்டம் வேறு. அங்கே சமூக அமைப்பு, கொள்கை, நலத்திட்டங்கள் இவற்றுக்கு நிறைய இடம். ஒருவரோடு ஓர் அறையில் உட்கார்ந்து பேசும் நுட்பத்துக்கு அதிக நேரம் கிடைப்பது கவுன்சலிங் படிப்பில். எது உங்கள் மனசுக்கு நெருக்கம் என்று பாருங்கள். குடிபெயர்ந்துகொண்டே இருக்க வேண்டிய குடும்பம் என்றால் எம்.எஸ்.டபிள்யூ.வைத் தீவிரமாக யோசிக்கச் சொல்வேன்.

மே 17, 2025

மணி நேரக் கணக்கைப் பற்றி ஒரு தம்பி தனியாகக் கேட்டார். எல்லோருக்கும் பயன்படும், இங்கேயே எழுதுகிறேன்.

பட்டம் வாங்கியதும் முழு லைசென்ஸ் வராது. முதலில் ஒரு தொடக்க நிலை. டெக்சாஸில் அசோசியேட், வர்ஜீனியாவில் ரெசிடென்ட், ஓஹையோவில் எல்.பி.சி. அப்புறம் மேற்பார்வையில் வேலை. பெரும்பாலான இடங்களில் 3,000 மணி நேரம். வர்ஜீனியாவில் 3,400, அதில் 2,000 நேரடியாக, 200 மணி நேரம் மேற்பார்வை. தேர்வு இரண்டு வகை: என்.சி.இ. பாட அறிவைச் சோதிக்கும், 200 கேள்விகள். என்.சி.எம்.எச்.சி.இ. நோயாளியின் கதையைக் கொடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்கும். எது வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓஹையோவில் முதல் நிலைக்கு ஒன்று, மேல் நிலைக்கு மற்றொன்று.

யார் மேற்பார்வை செய்கிறார் என்பதை முதல் நாளே உறுதி செய்யுங்கள். டெக்சாஸில் எல்.பி.சி.-எஸ் என்ற தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். தகுதியில்லாதவரின் கீழ் ஓராண்டு உழைத்தாலும் கணக்கில் ஏறாது. அப்புறம் கையெழுத்து. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சூப்பர்வைசர் திடீரென்று விலகிப்போனார், நிர்வாகம் அவருடைய முகவரியைக்கூடத் தர மறுத்தது. மாதா மாதம் கையெழுத்து வாங்கி வைத்திருந்ததால் தப்பித்தேன், கூட இருந்த இருவருக்கு மாதக்கணக்கில் உழைத்தது வீணாயிற்று. அந்த இடத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மேற்பார்வை என்பது அவர்கள் போடும் பிச்சை இல்லை, அந்த வேலைக்காகக் குறைந்த சம்பளத்தில் உழைக்கும் ஒருவருக்குச் சேர வேண்டிய பாக்கி. அதிலும் சில இடங்களில் மேற்பார்வைக்கு அசோசியேட்டே தன் கையிலிருந்து பணம் கட்டுகிறார்.

ஜூன் 1, 2025

நெப்ராஸ்காவிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகளுக்குத் தமிழ் தெரிந்த கவுன்சலர் வேண்டும், வீடியோவில் போதும். என்னால் முடியாது என்று பதில் எழுத வேண்டியிருந்தது. வீடியோவில் பார்த்தாலும் லைசென்ஸ், பேச வருபவர் உட்கார்ந்திருக்கும் மாநிலத்தில் இருக்க வேண்டும்.

இந்த இழை முழுக்க நான் அங்கீகாரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதற்கு அடிக்காரணம் இந்த மாதிரிக் கடிதங்கள்தான். தமிழில் பேசக்கூடிய கவுன்சலர்கள் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறோம். மாநில எல்லை நடுவில் நிற்கிறது.

கவுன்சலிங் காம்பாக்ட் என்ற ஒப்பந்தம் இதற்கு வழி செய்ய வேண்டும். முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் சட்டம் போட்டுச் சேர்ந்திருக்கின்றன, நெப்ராஸ்காவும் உண்டு, ஓஹையோவும் உண்டு. சொந்த மாநிலத்தில் முழு லைசென்ஸ் வைத்திருப்பவர் மற்ற உறுப்பு மாநிலங்களில் வேலை செய்யும் உரிமை பெறலாம். அதற்கும் கேக்ரெப் கட்டாயம் இல்லை. 60 கிரெடிட், தேசியத் தேர்வு, மேற்பார்வையில் செய்த வேலை, இவை வேண்டும். பழைய 48 கிரெடிட் பட்டத்தில் லைசென்ஸ் வாங்கியவர்கள் கூடுதல் பாடங்களை எடுத்துச் சரிக்கட்டலாம். 2025 ஜூனில் நான் இதை எழுதியபோது உரிமை வழங்குவது தொடங்கியிருக்கவில்லை, தரவுத் தளம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஓர் உரிமைக்கு ஒரே அங்கீகார அமைப்பைத்தான் நம்ப வேண்டும் என்பதில்லை என்று மெடிகேரும் காம்பாக்ட்டும் காட்டுகின்றன. உள்ளடக்கத்தைக் கேளுங்கள், களப்பயிற்சியைக் கேளுங்கள், அதை எந்த அமைப்பு சரிபார்த்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் கட்சி. ஆனால் என் கட்சியை வைத்து உங்கள் கட்டணத்தைக் கட்டாதீர்கள். விதி இன்று எப்படி இருக்கிறதோ அதை வைத்துக் கட்டுங்கள்.

ஜூலை 5, 2025

ஃப்ளோரிடா விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே படித்துக்கொண்டிருப்பவர்கள் தங்கள் துறையிடம் இந்த வாரமே பேசுங்கள். "அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்" என்று ஒரு துறை சொன்னால், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். விண்ணப்பித்திருப்பது கிடைத்ததாக ஆகாது.

இழையைத் தொடங்கிய தங்கை எழுதியிருக்கிறார். கேக்ரெப் இருக்கும் வேறொரு படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, ஆகஸ்ட்டில் வகுப்பு. கட்டணம் கூடுதல், அதற்காகப் பகுதிநேரமாக நான்கு ஆண்டில் முடிக்கப் போகிறார். முன்பு படித்த எம்.எஸ்ஸி.யில் இரண்டு பாடங்களை ஏற்றுக்கொண்டார்களாம். மாற்றல் இன்னும் முடிவாகவில்லை.

மகிழ்ச்சி. இப்போதே ஒரு ஃபோல்டர் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸ், பல்கலைக்கழகத்தின் அந்த ஆண்டுக் கையேடு, களப்பயிற்சி மணி நேரத் தாள்கள், சூப்பர்வைசரின் லைசென்ஸ் எண், அவர் கையெழுத்து. துறைகள் பழைய சிலபஸைத் தூக்கிப்போட்டுவிடும், பத்து ஆண்டு கழித்து வேறொரு மாநில போர்டு கேட்கும்போது உங்களிடம்தான் இருக்க வேண்டும். பிராக்டிகம் தொடங்கும்போது இங்கே வந்து எழுதுங்கள், முதல் அமர்வுக்கு முன்னால் கேட்க உங்களுக்குக் கேள்விகள் இருக்கும்.